அசதிக்குக் காரணம் சத்துக் குறைவா?

கரிசல் சீமையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் எவரும் நாளொன்றுக்கு இரண்டு தடவையாவது கேட்கும் பேச்சு, "அண்ணாச்சி, ஒரே அசதியா இருக்கு, தெம்புக்கு ஏதாவது குடுங்க" என்பதுதான். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் பெண்ணும் கேட்பார், காட்டு வேலை முடிந்து வரும் பெரியவரும் கேட்பார். அவர்களுக்குக் குளுக்கோஸ் பாக்கெட்டையோ சத்து மாவு டப்பாவையோ எடுத்துக் கொடுக்கிற கடைக்காரரும் காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்து இரவு பத்து மணிக்குப் பூட்டுகிறவர். அவருக்கும் அசதி உண்டு. ஆனால் யாவாரத்தில் இதெல்லாம் சகஜம் என்று ஒரு டீயைக் குடித்துவிட்டு மறந்துவிடுகிறார்.

சில ஆண்டுகளாக இந்தப் பேச்சில் ஒரு புதுப் பெயர் நுழைந்திருக்கிறது. அது மக்னீசியம். தூக்கம் வரவில்லையா, கெண்டைக்காலில் பிடிப்பா, உடம்பு அசதியா, எல்லாவற்றுக்கும் மக்னீசியம் மாத்திரைதான் என்று செல்போன் விளம்பரங்கள் சொல்லுகின்றன. இதில் சரக்கு எவ்வளவு, சாக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது நமக்கு அவசியம். நம் உடம்புக்காக மட்டுமல்ல, நம் வாய்ச் சொல்லை நம்பி வாங்கிப் போகும் வாடிக்கையாளருக்காகவும்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அசதி என்பது நோயின் பெயரல்ல. கடையில் சரக்கு குறைகிறது என்றால் எலி தின்றதா, தராசு பிசகா, கணக்குப் பிசகா என்று பார்க்கிறோம் அல்லவா? அதுபோலத்தான் இதையும் பார்க்க வேண்டும். ரத்தசோகை, சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, சிறுநீரகக் கோளாறு, காசநோய், இரவில் குறட்டையோடு மூச்சு தடைபடுவது, மனச்சோர்வு, வெறும் தூக்கக் குறைவு என்று அசதிக்கு வழிகள் பல. சத்துக் குறைவு அவற்றில் ஒன்று. நடந்தால் நெஞ்சு கனத்து மூச்சு வாங்குகிற அசதி, உடம்பு தானாக இளைக்கிற அசதி, மலம் தார் போலக் கறுத்துப் போகிற அசதி ஆகியவற்றுக்கு மாத்திரை தின்று நாளைக் கடத்தக் கூடாது. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

மக்னீசியம் நமக்குப் புதிய சரக்கல்ல. மழைக்காலத்தில் தூத்துக்குடிக் கல்லுப்பு மூட்டை கசிந்து தரையை நனைப்பதைப் பார்க்காத கடைக்காரர் உண்டா? சுத்தமான உப்பு அவ்வளவாக ஈரம் இழுக்காது. கடல் நீரிலிருந்து கூடவே வந்துவிடும் மக்னீசியம் குளோரைடுதான் காற்றின் ஈரத்தை இழுத்து மூட்டையை வேர்க்க வைக்கிறது. கல்லுப்பில் கடைசியாக நாக்கில் நிற்கும் லேசான கசப்பும் அதனுடையதுதான். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் பேதி உப்பு என்பது மக்னீசியம் சல்பேட். சேலம் சுண்ணாம்புக் கரட்டின் வெள்ளைக்கல் மக்னீசியம் கார்பனேட். நம் கரிசல் மண்ணிலும் சுண்ணாம்போடு சேர்ந்து மக்னீசியம் தாராளமாக இருக்கிறது.

உடம்பில் இதற்கு என்ன வேலை? வளர்ந்த ஆளின் உடம்பில் மொத்தம் சுமார் 25 கிராம் மக்னீசியம் இருக்கிறது. பாதிக்கு மேல் எலும்பில், மீதியில் பெரும்பகுதி தசைகளில். நாம் சாப்பிடும் சோற்றிலிருந்து கிடைக்கும் சக்தியை உடம்பு ஏ.டி.பி. என்ற பொருளாக மாற்றித்தான் செலவு செய்கிறது. அந்த ஏ.டி.பி. மக்னீசியத்தோடு சேர்ந்தால்தான் வேலைக்கு ஆகும். இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாத செக் மாதிரிதான், தொகை எழுதியிருந்தும் பணம் ஆகாது. மக்னீசியம் குறைந்தால் பசி மந்தம், குமட்டல், அசதி, தசைப் பிடிப்பு, கண்ணிமைத் துடிப்பு என்று தொடங்கும். மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாவதும் வலிப்பும் உண்டு.

இதை வைத்துத்தான் விளம்பரக்காரர்கள் கடை விரிக்கிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது, நல்ல சிறுநீரகம் கெட்டிக்காரக் கணக்கப்பிள்ளை என்பதை. வரவு குறைந்தால் செலவை இறுக்கிப் பிடித்து, மக்னீசியத்தைச் சிறுநீரில் விடாமல் நிறுத்திக்கொள்ளும். ஆகவே ஓரளவு சாப்பிடுகிற ஆரோக்கியமான ஆளுக்கு நோயாக வெளிப்படுகிற அளவு மக்னீசியக் குறைவு அபூர்வம். வருகிறவர்கள் வேறு ரகம். நாள்பட்ட வயிற்றுப்போக்கு உள்ளவர்கள், நெடுநாள் மது அருந்துகிறவர்கள், கட்டுக்கு அடங்காத சர்க்கரை நோயாளிகள், ரத்த அழுத்தத்துக்கும் வீக்கத்துக்கும் நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். இன்னும் ஒரு கூட்டம் உண்டு. அதில் நம்மவர்கள் நிறையப் பேர்.

காலைப் பலகாரம் பதினொரு மணிக்கு, மதியச் சாப்பாடு நாலு மணிக்கு, இடையில் ஆறு டீ என்று ஓடும் கடைக்காரருக்கு நெஞ்செரிச்சல் வராமல் இருக்குமா? ஒருநாள் மருத்துவர் எழுதிக் கொடுத்த 'கேஸ் மாத்திரை'யை அவர் அதன்பின் ஆண்டுக் கணக்கில் தானே வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். ஒமிப்ரசோல், பான்டொப்ரசோல் வகை அது. இதை நெடுங்காலம், பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல், சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு ரத்தத்தில் மக்னீசியம் குறைகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011-இலேயே எச்சரித்தது. அதற்காக மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிட வேண்டாம். சிலருக்கு அது தேவையானதே. இத்தனை வருடமாகச் சாப்பிடுகிறேன், இன்னும் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

பரிசோதனையிலும் ஒரு சங்கதி உண்டு. உடம்பின் மொத்த மக்னீசியத்தில் ரத்தத்தில் ஓடுவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கல்லாவில் உள்ள சில்லறையை மட்டும் எண்ணிக் கிட்டங்கியில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று சொல்ல முடியுமா? ரத்த அளவு மிகவும் குறைந்திருந்தால் குறைவு நிச்சயம். சரியாக இருந்தால் குறைவே இல்லை என்று அடித்துச் சொல்ல இயலாது. ஆகையால் மருத்துவர் மற்ற விவரங்களையும் சேர்த்துத்தான் முடிவு செய்வார்.

உணவுக்கு வருவோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 300 முதல் 400 மில்லிகிராம் வரை மக்னீசியம் வேண்டியிருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுப் பொருள் அட்டவணைப்படி 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் இருப்பது சுமார் 20 மில்லிகிராம். அதே 100 கிராம் கம்பில் 124. சோளத்தில் 133. கேழ்வரகில் 146. உளுந்து, பாசிப்பயறு, நிலக்கடலை ஆகியவை 150-க்குக் கீழே போவதில்லை. எள் அதற்கும் மேலே.

இந்த எண்களைக் கோவில்பட்டிக்காரர் படிக்கும்போது கொஞ்சம் மனம் வலிக்கும். 1901-இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் நூறாண்டுக்கு மேலாகக் கம்பு, சோளம், குதிரைவாலி, பயறு, பருத்தி என்று மானாவாரிப் பயிர்களிலேயே வேலை செய்து வருகிறது. நம் பாட்டன் காலத்தில் இங்கே நெல்லுச்சோறு என்றால் தீபாவளி, பொங்கலுக்குத்தான். அன்றாடம் கம்மங்கஞ்சியும் சோளச்சோறும்தான். அன்றைய மக்கள் எல்லாரும் ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று கதை சொல்வதற்கில்லை. பஞ்சமும் பட்டினியும் அன்று நிறைய. ஆனால் கைக்குக் கிடைத்த தானியத்தில் சத்து இருந்தது. இன்று வயிறு நிறையச் சோறு இருக்கிறது. அதே எடைக்கு மக்னீசியம் ஆறில் ஒரு பங்கு.

தானியத்தைத் தீட்டுவதால் வரும் நட்டம் மக்னீசியத்தோடு நிற்பதில்லை. இதில் தமிழ்நாட்டுக்கே ஒரு தனிச் சரித்திரம் இருக்கிறது. வெறும் தீட்டிய அரிசியையே தின்றவர்களுக்குக் கால் மரத்து, வீங்கி, நடக்கத் தெம்பில்லாமல் போய், இதயம் தளர்ந்து இறக்கும் பெரிபெரி என்ற நோய் ஆசியா எங்கும் இருந்தது. ஜாவாவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் 1890-களில் கோழிகளுக்குத் தீட்டிய அரிசி போட்டபோது அவை அதே மாதிரி விழுந்தன. தீட்டாத அரிசி போட்டபோது எழுந்தன. தவிட்டில் இருந்தது தயமின் என்ற பி1 வைட்டமின் என்று பிறகு தெரிந்தது. இந்நோயை ஆராய 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே ஓர் அறையில் ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய கூடம்தான் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குப் போய், மேலே சொன்ன தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று.

அந்நாளில் ஆந்திரக் கரையோர மாவட்டங்களில் பெரிபெரி வாட்டியது. புழுங்கல் அரிசி தின்ற தமிழ்ப் பகுதிகளில் அது அவ்வளவாக இல்லை. காரணம் நம் கடைக்குள்ளேயே இருக்கிறது. நெல்லை ஊறவைத்து ஆவியில் அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஒரு பங்கு தங்குகிறது. பச்சரிசியில் அது தவிட்டோடு மாட்டுத் தீவனத்துக்குப் போய்விடுகிறது. அரிசி மல்லிகைப்பூ மாதிரி வெள்ளையாக வேண்டும் என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் இதை ஒரு வார்த்தை சொல்லலாம். நாலு தண்ணீர் விட்டுக் கழுவி, கஞ்சியையும் வடித்துக் கொட்டினால் மிஞ்சியதிலும் பாதி போகும்.

ஆனால் பழைய தானியத்துக்குத் திரும்பினால் போதும் என்பதும் முழு உண்மையல்ல. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் (1918–2019) ஐதராபாத் நிறுவனத்தை நடத்திய காலத்தில், தக்காணப் பகுதியில் சோளத்தையே பிரதான உணவாகக் கொண்ட ஏழைகளிடம் பெல்லாக்ரா என்ற நோயைக் கண்டார். உடம்பு தளர்ந்து, வாய் புண்ணாகி, வெயில் படும் கழுத்திலும் கையிலும் தோல் கறுத்துத் தடித்து, புத்தியும் தடுமாறும். நியாசின் என்ற வைட்டமின் குறைவால் வருவது அது. சோளத்தின் குற்றமல்ல, சோளத்தைத் தவிர வேறொன்றும் தட்டில் இல்லாததன் குற்றம். நியாசின் அதிகமாக இருக்கும் மலிவுச் சரக்கு எது தெரியுமா? நிலக்கடலை. 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு இதைவிட நல்ல விளம்பரம் யாரும் எழுதித் தர முடியாது. சர்க்கரை நோயாளிகள் மட்டும் வெல்லப்பாகு இல்லாமல் வறுத்த கடலையாகச் சாப்பிடட்டும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோப்பு நுரைக்காத, பருப்பு வேகாத ஆழ்குழாய்த் தண்ணீரைக் கடின நீர் என்கிறோம். அந்தக் கடினத்துக்குக் காரணம் கால்சியமும் மக்னீசியமும்தான். கேன் தண்ணீர் சுத்திகரிக்கும் எந்திரம் உப்போடு அவற்றையும் பெருமளவு எடுத்துவிடுகிறது. அதனால் பதறவேண்டியதில்லை, தண்ணீரில் கிடைப்பது சிறு பங்கே, சாப்பாட்டில்தான் பெரும் பங்கு. உவர்ப்பான கிணற்றுத் தண்ணீரை மக்னீசியத்துக்காகக் குடிக்க வேண்டும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

இதுவரை சொன்னதைவிட நம் வியாபாரிகளுக்கு முக்கியமானது என்று நான் நினைப்பது பி12 வைட்டமின். இது செடி கொடிகளில் நம்பத்தக்க அளவில் கிடையாது. ஈரல், மீன், கறி, முட்டை, பால், தயிர் ஆகியவற்றில்தான் உண்டு. பழைய சோற்றில் பி12 பொங்கி வழிகிறது என்று சிலர் எழுதுகிறார்கள். பழைய சோறு வெயிலுக்கு நல்ல உணவுதான், ஆனால் பி12-க்கு அதை நம்பியிருக்கலாகாது. சுத்த சைவக் குடும்பங்களில், அதுவும் பால், தயிர் குறைவாகச் சேர்க்கிறவர்களிடம், குறைவு சாதாரணம். கல்லீரலில் ஆண்டுக் கணக்குக்குக் கையிருப்பு இருப்பதால் குறைவு மெதுவாகத்தான் தெரியும். அசதி, மறதி, நாக்கு வழுவழுப்பாகிச் சிவப்பது, பாதத்தில் எரிச்சல், மரத்துப்போதல், இருட்டில் நடந்தால் தள்ளாட்டம் என்று வரும்.

இங்கேதான் கவனம் வேண்டும். சர்க்கரை நோய்க்கு முதல் மாத்திரையாகக் கொடுக்கும் மெட்ஃபார்மின், பல ஆண்டுகள் சாப்பிடும்போது, குடல் பி12-ஐ உறிஞ்சுவதைக் குறைக்கிறது. கூடவே கேஸ் மாத்திரையும் இருந்தால் வயிற்று அமிலம் குறைந்து, உணவிலிருந்து பி12 பிரிவதும் குறைகிறது. ஐம்பது வயது சைவ வியாபாரி, பத்து வருட மெட்ஃபார்மின், ஐந்து வருட கேஸ் மாத்திரை என்றால் மூன்று வாசலும் அடைத்தாயிற்று. அவருக்குப் பாதம் எரிந்தால் "சுகர் இருக்குல்ல, அப்படித்தான்" என்று வீட்டிலும் கடையிலும் சொல்லிவிடுவார்கள். பாதி எரிச்சல் பி12 குறைவால் இருக்கலாம். அது சரிசெய்யக் கூடியது. நாள்பட விட்டால் நரம்பு திரும்பாது. இப்படிப்பட்டவர்கள் பி12 பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். மெட்ஃபார்மினை யாரும் தாமாக நிறுத்தக் கூடாது.

பி12-இன் பங்காளி போலிக் அமிலம். இதைக் கண்ட கதையும் நம் நாட்டைச் சேர்ந்தது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1928-இல் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் வந்த கடும் ரத்தசோகையை ஆராய்ந்தார். இடையில் குன்னூரிலும் வேலை செய்தார். ஈஸ்ட் சாற்றைக் கொடுத்ததும் ரத்தம் ஊறியதை 1931-இல் எழுதினார். அந்தச் சத்து கீரையிலும் பயறிலும் ஏராளம். ஒரே எச்சரிக்கை, பி12 குறைந்தவர் போலிக் அமில மாத்திரையை மட்டும் தின்றால் ரத்தம் ஊறித் தெளிவாகத் தெரியும், நரம்பு மட்டும் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும்.

இரும்புச் சத்தைப் பற்றி எல்லாரும் பேசுவதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. அசதி என்று ஒரு பெண் சொன்னால் மக்னீசியத்துக்குப் போகுமுன் ஹீமோகுளோபினைப் பார்க்க வேண்டும். பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. கோவில்பட்டி அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம். ஆணுக்கு ரத்தசோகை என்றால் ரத்தம் எங்கே கசிகிறது என்று தேட வேண்டும். நாள் முழுதும் கல்லாவில் உட்கார்ந்து மூலத்தை வளர்த்துக்கொண்டு, வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல், சொட்டுச் சொட்டாக ரத்தத்தை இழந்துகொண்டிருக்கும் கடைக்காரர்கள் நமக்குள் உண்டு. சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்பு உடம்பில் சேராது; ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும்.

டி வைட்டமினும் அப்படித்தான். வெயிலுக்குப் பேர்போன ஊரில் வெயில் சத்துக் குறைவா என்று சிரிக்கலாம். விடிந்ததும் கடைக்குள் நுழைந்து இருட்டிய பிறகு வெளியே வருகிறவர் மேல் எந்த வெயில் படுகிறது? இதற்கு விற்கும் 60,000 யூனிட் மாத்திரை வாரம் ஒன்று என்ற கணக்கில், குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும் மருத்துவர் எழுதுவது. தெம்பு வரும் என்று தினம் ஒன்றாகத் தின்றால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகமே பழுதாகும்.

இனி நம் மேஜைக்கு வரும் டப்பாக்கள். சத்து மாத்திரை, சத்துப் பொடி என்று உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விற்பவற்றின் மேல், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வாசகம் இருக்க வேண்டும் என்பது விதி. இதைத் தின்றால் கால் வலி தீரும், சுகர் இறங்கும் என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னதை நாம் வாடிக்கையாளரிடம் திருப்பிச் சொல்லக் கூடாது. மருந்தாக உள்ளவற்றை மருந்து உரிமம் இல்லாமல் விற்கவும் கூடாது.

அந்த டப்பாவை வாங்குவதானால் எடையைச் சரியாகப் படியுங்கள். மக்னீசியம் கிளைசினேட் 1000 மில்லிகிராம் என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். அது சாக்கோடு சேர்ந்த எடை. அதற்குள் இருக்கும் தனி மக்னீசியம் ஏழில் ஒரு பங்குதான், பொடி எழுத்தில் கீழே இருக்கும். இரண்டு கைப்பிடி நிலக்கடலையில் கிடைப்பதற்கு மேல் இல்லை. மாத்திரை அளவுக்கு மிஞ்சினால் பேதி உப்பு செய்யும் வேலையைத்தான் செய்யும். தைராய்டு மாத்திரையையும் சில ஆன்டிபயாடிக் மாத்திரைகளையும் உடம்பில் சேரவிடாமல் தடுக்கும் என்பதால் அவற்றோடு சேர்த்து விழுங்கக் கூடாது. சிறுநீரகம் பழுதானவருக்கு மிஞ்சிய மக்னீசியம் வெளியேற வழியில்லை. ரத்தத்தில் ஏறி மூச்சையும் இதயத்தையும் அமுக்கிவிடும். அப்படிப்பட்டவர் வந்து டப்பாவைக் கேட்டால், "டாக்டரைக் கேட்டுட்டு வாங்க, எடுத்து வைக்கேன்" என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.